நான்கு கேள்விகளும் ஒரு கிண்ணம் உப்புநீரும்

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்து, அதை ராகம் பிசகாமல் மனப்பாடமாகப் பாட வைத்தால், அதைக் கேள்வி என்று சொல்ல முடியுமா? நியூ ஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியின் மழலையர் வகுப்பில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், பஸ்கா பண்டிகைக்கு நான்கு வாரங்கள் இருக்கும்போது இந்தச் சந்தேகம் எனக்குள் புகுந்தது. ஆறு வருடங்களாகியும் அது முழுதாக என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று இருந்த இடத்தில் இன்று அது இல்லை. அது எப்படி இடம் மாறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் அது யூகேஜி. வகுப்பில் 18 பிள்ளைகள். காலை வேளை எபிரேய மொழிக்கும் யூத சமயப் பாடங்களுக்கும் உரியது. அவற்றை நடத்தும் ஆசிரியையைப் பிள்ளைகள் ‘மோரா’ என்று அழைப்பார்கள். எபிரேயத்தில் அதற்கு ஆசிரியை என்றே பொருள். எங்கள் மோரா அறுபதை நெருங்கியவர், இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் வளர்ந்தவர். மதியத்துக்கு மேல் ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் இன்னோர் ஆசிரியையின் பொறுப்பு. இருவருக்கும் உதவியாக நாள் முழுவதும் வகுப்பில் இருப்பவள் நான். நான் யூதப் பெண் அல்ல. பொதுப் பாடங்களுக்கு வேறு சமயத்தவர்களை வேலைக்கு எடுப்பது இத்தகைய பள்ளிகள் பலவற்றில் வழக்கமே. 2013-14 கல்வியாண்டில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றின்படி அமெரிக்காவில் இப்படி 861 பள்ளிகள் இருந்தன, அவற்றில் ஏறத்தாழ 2,55,000 பிள்ளைகள் படித்தார்கள். மிகக் கடுமையான ஆசாரம் பேணும் பள்ளிகளும் உண்டு, தளர்வானவையும் உண்டு. நான் எழுதுவது நான் பார்த்த ஒரே ஒரு வகுப்பறையைப் பற்றி.

காலையில் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் உண்டியலில் ஒரு காசு போடும். ‘ட்ஸெதாகா’ என்று அதற்குப் பெயர். தர்மம் என்று நாம் சொல்லும் அந்தச் சொல்லுக்கு எபிரேயத்தில் நீதி என்ற வேர் இருக்கிறது என்பதை மோரா எனக்கு முதல் வாரமே விளக்கினார். இல்லாதவனுக்குக் கொடுப்பது இரக்கப்பட்டுச் செய்யும் காரியம் அல்ல, அவனுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது என்று அவர் சொன்னதைப் பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னார். பிறகு கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து, கண் விழித்ததற்கு நன்றி சொல்லும் ‘மோதே அனி’ பாடுவார்கள். சுவரில் இரண்டு நாட்காட்டிகள் இருக்கும். ஒன்றில் செப்டம்பர், அக்டோபர் என்று மாதங்கள் ஓடும், மற்றொன்றில் திஷ்ரே, ஹெஷ்வான் என்று நிலவைப் பார்த்து ஓடும். இரண்டிலும் இன்றைய நாளை ஒரு பிள்ளை எழுந்து போய்க் காட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் சிற்றுண்டி நேரத்தில்தான் நடந்தது. எதைத் தின்பதற்கு முன்பும் அதற்குரிய நன்றி வாசகத்தைச் சொல்ல வேண்டும். மரத்தில் பழுத்ததற்கு ஒன்று, நிலத்தில் விளைந்ததற்கு வேறொன்று, மாவில் செய்த பிஸ்கட்டுக்கு இன்னொன்று, இவற்றில் அடங்காத பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு மற்றொன்று. ஆகவே கையில் இருப்பது எங்கே விளைந்தது, எதனால் ஆனது என்று யோசிக்காமல் ஒரு பிள்ளையும் வாயில் வைக்க முடியாது. ஒரு நாள் மோரா படங்களைக் கொடுத்து, மரம் ஒரு பக்கமும் நிலம் ஒரு பக்கமுமாகப் பிரிக்கச் சொன்னார். வாழைப்பழத்தின் படத்தை நானே எடுத்து மரத்தின் பக்கம் வைத்தேன். இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி அதை எடுத்து நிலத்தின் பக்கம் மாற்றி வைத்துவிட்டு, “அது மரம் இல்லை மிஸ். ஒரு தடவை பழம் கொடுத்தால் அவ்வளவுதான், மறுபடி கொடுக்காது” என்றாள். வாழைமரம் என்று சொல்லியே வளர்ந்தவள் நான். குலை வெட்டியதும் தாய்வாழையைச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளர விடுவதை எங்கள் கொல்லையில் வருடந்தோறும் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தேனே தவிர, அதை வைத்து ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தச் சிறுமியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் மறுபடியும் வருவாள்.

எழுத்துப் பாடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை தந்தது. காலையில் வலமிருந்து இடமாக எபிரேயம், மதியம் இடமிருந்து வலமாக ஆங்கிலம். நவம்பர் வரை பாதிப் பிள்ளைகள் தங்கள் பெயரை ஆங்கிலத்திலும் வலப்பக்கத்திலிருந்தே தொடங்கினார்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொண்டு நின்றன. இந்த வயதுக்கு இது பாரமில்லையா என்று கேட்டேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார் மோரா. குளிர்கால விடுமுறைக்குப் பிறகு, எந்தத் தாளில் எந்தப் பக்கம் தொடங்க வேண்டும் என்பதை அவர்களின் கையே அறிந்திருந்தது. 22 எழுத்துகளில் கடைசி எழுத்தான ‘தாவ்’ அட்டையில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. இன்றைய எபிரேயத்தில் கிளிக்குப் பெயர் ‘துக்கி’. பழைய ஏற்பாட்டில் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிப்பதாகக் கருதப்படும் சொல் இதுதான், அதன் மூலம் நம் ‘தோகை’ என்று அறிஞர்கள் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது என் மொழியிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, என் வகுப்பில் எனக்கும் ஒரு சிறிய இடம் கிடைத்ததுபோல் இருந்தது.

தேன் தடவிய பலகை

முதல் எழுத்தான ஆலெஃபைக் கற்பித்த நாளில், மோரா ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் ஒரு சொட்டுத் தேன் விட்டு நக்கச் சொன்னார். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் என் விரலைப் பிடித்து அகரம் எழுத வைத்த தாத்தாவின் கை எனக்கு நினைவுக்கு வந்தது. தேன் வழக்கம் இடைக்கால ஜெர்மனியில், ரைன் நதிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்களிடம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோர்ம்ஸ் நகரத்து எலாசார் என்ற ரப்பி, அதாவது யூத சமய ஆசான், அதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். யூதர்களின் வேதமான தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையன்று, வழியில் தகாதது எதுவும் கண்ணில் படாதபடி பிள்ளையை மேலாடையால் மூடி ஆசிரியரிடம் எடுத்துப்போவார்கள். ஆசிரியர் பிள்ளையை மடியில் அமர்த்தி, பலகையில் எழுதிய எழுத்துகளை முதலிலிருந்து கடைசி வரையும், பிறகு கடைசியிலிருந்து முதல் வரையும் சொல்வார். பிள்ளை திருப்பிச் சொல்லும். அந்தப் பலகையில் தேனைத் தடவுவார்கள், பிள்ளை நாவால் நக்கும். வேத வசனம் எழுதிய தேன் அப்பமும், ஓட்டின் மேல் வசனம் எழுதிய அவித்த முட்டையும் உண்ணக் கொடுப்பார்கள். தேவன் கொடுத்த சுருளைத் தின்றேன், அது வாய்க்குத் தேனாக இருந்தது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்வதைக் குழந்தையின் நாக்கில் நடத்திக் காட்டும் சடங்கு அது.

இதை எழுதிய எலாசாரின் வாழ்க்கையைப் பிறகு வாசித்தபோது என்னால் அன்று வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. 1196இல் ஆயுதங்களுடன் வீட்டுக்குள் புகுந்தவர்கள் அவருடைய மனைவி துல்சியாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கொன்றார்கள். அவர் எழுதிய இரங்கற்பாவில், இளையவள் ஹன்னாவுக்கு வயது ஆறு என்றும், அவள் தினமும் ‘ஷேமா’ ஜெபத்தின் முதல் பகுதியைச் சொல்வாள் என்றும் வருகிறது. எங்கள் வகுப்பில் கண்களை வலக்கையால் மூடிக்கொண்டு பிள்ளைகள் காலையில் சொல்வது அதே ஷேமாதான். தேன் சடங்கு அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. ஆனாலும் அந்த வீட்டுப் பெண் குழந்தை ஜெபம் கற்றிருந்தாள். பெண் பிள்ளைகளுக்கென்று முறையான சமயப் பள்ளிகள் பரவலாக வருவதற்கு, 1917இல் கிராக்கோவ் நகரத்தில் தையல் தொழில் செய்துவந்த சாரா ஷெனிரர் தொடங்கிய பள்ளி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளி வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவலர் நிற்கிறார். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவரை நியமித்ததாகச் சொன்னார்கள். வருடத்தில் சில முறை, விளக்கை அணைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கும் பயிற்சி நடக்கும். அந்த இருட்டில் என் முழங்காலைப் பற்றிக்கொண்டிருக்கும் சின்னக் கைகளைப் பற்றி என்னால் இதற்கு மேல் எழுத இயலாது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் தாங்களே பிசைந்து சுட்ட ஹலா ரொட்டியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அந்தக் காவலருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். “ஷப்பாத் ஷாலோம்” என்று ஓய்வுநாள் வாழ்த்தை அவரும் சொல்வார்.

என் வேலை, யூதச் சட்ட விளக்கங்களின் பெருந்தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது என்று மோரா ஒருமுறை சொன்னார். யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, இன்றைக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியரை அமர்த்தி ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று அதில் வருகிறது. அதற்கு முன்பு தகப்பனே கற்பிக்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை கற்காமலே போகும். அதே பக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 50 பேர் என்றால் இரண்டு ஆசிரியர்கள், 40 பேர் என்றால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். நான் படித்த பள்ளியின் முதல் வகுப்பில் எழுபது பேருக்கு மேல் இருந்தோம். அந்த உதவியாளர் யார், என்ன செய்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, இடத்தில் உட்கார வைத்து, ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைத்திருப்பார். நானும் அதையேதான் செய்கிறேன்.

நான்கு கேள்விகள்

பஸ்கா இரவின் விருந்துச் சடங்குக்கு சேடர் என்று பெயர். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையை அன்று மேசையைச் சுற்றி அமர்ந்து சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர்கள் தாங்களாகக் கதையைத் தொடங்கிவிடக் கூடாது. வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும்; கேட்ட பிறகே கதை தொடங்கும். ‘மா நிஷ்தானா’ என்று தொடங்கும் அந்தக் கேள்வி, மற்ற எல்லா இரவுகளிலிருந்தும் இந்த இரவு ஏன் வேறுபட்டிருக்கிறது என்பது. அதன் கீழ் நான்கு பிரிவுகள்: இன்று ஏன் புளிப்பில்லாத ரொட்டியான மாட்ஸா மட்டும்? ஏன் கசப்புக் கீரை? ஏன் இரண்டு முறை தொட்டு உண்கிறோம்? ஏன் சாய்ந்து அமர்கிறோம்? மழலையர் வகுப்பு ஆசிரியைக்கு வருடத்தின் பெரிய பொறுப்பு இதுதான். 18 பிள்ளைகளும் இந்த நான்கையும் எபிரேயத்தில் ராகத்தோடு பாடக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் 18 வீடுகளில் தாத்தா பாட்டிமார் அதற்காகக் காத்திருப்பார்கள்.

சமயச் சடங்கு ஒன்று குழந்தையின் கேள்விக்காகக் காத்து நிற்பது எனக்குப் பேரதிசயமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பூஜையில் குழந்தைகளுக்குச் சுண்டல் உண்டு, கேள்விக்கு இடமில்லை. ஆனால் பயிற்சி தொடங்கியதும் அந்த அதிசயம் தேயத் தொடங்கியது. ஒரு வரி, பிறகு மறு வரி, மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகளுக்குப் பாதிச் சொற்களின் பொருள் தெரியாது. ஒரு பையன் இரண்டாவது வரியில் தடுக்கித் தடுக்கி, கடைசியில் வயிறு வலிக்கிறது என்று என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டான். ஆத்திசூடியையும் வாய்ப்பாட்டையும் பொருள் புரியாமல் ஒப்பித்து வளர்ந்தவள் நான். என் பிள்ளை அப்படிக் கற்கக் கூடாது என்று உறுதியாக இருந்தவள். ஒப்பித்தலை விட மோசமாக எனக்குத் தோன்றியது இது. பதிலை ஒப்பிப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், கேள்வியையே ஒப்பிப்பதா? வீட்டில் கணவரிடம் இதைப் பலமுறை சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பெற்றோர் ஒருவரைப் பார்ப்பதற்காக மோரா வெளியே போனார். பாட்டை ஒருமுறை முழுதாகப் பாட வைக்குமாறு என்னிடம் சொல்லியிருந்தார். கம்பளத்தின் நடுவில், முந்தைய பாடத்தில் வைத்த கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. அதில் உப்புநீர், பக்கத்தில் பார்ஸ்லி இலை. சேடர் இரவில் அந்தக் கீரையை உப்புநீரில் தொட்டு உண்பார்கள். அது எகிப்தில் அடிமைகளாக இருந்த நம் முன்னோர்களின் கண்ணீர் என்று மோரா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். நான் கையைத் தட்டி, எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். பின்னல் போட்ட அந்தச் சிறுமி கிண்ணத்தில் விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, முகம் சுளிக்காமல் சற்று நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“மிஸ், இவ்வளவு கண்ணீரையும் யார் சேர்த்து வைத்தார்கள்?”

நான் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்கிறேன். “நல்ல கேள்வி கண்ணா. ஆனால் இப்போது வேண்டாம். முதலில் நம் நான்கு கேள்விகளையும் பாடி முடித்துவிடலாம்.” அவள் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கைகளையும் மடியில் வைத்து, மற்றவர்களுடன் சேர்ந்து நான்கையும் ஒரு பிழையில்லாமல் பாடினாள். பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது மோரா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று நான் கேட்கவில்லை.

மேசையை எடுத்தவர்

பிள்ளைகள் போன பிறகு, இருவரும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மோரா ஒரு கதை சொன்னார். 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் பெரும் அறிஞராக விளங்கிய அபாயே பெற்றோரை இழந்தவர், ரப்பா என்ற ஆசானிடம் வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு சேடர் இரவில், உணவு தொடங்குவதற்கு முன்பே மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னால் தனித்தனிச் சிறு மேசை. சிறுவன் பதறிப்போய், “நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் மேசையை ஏன் எடுக்கிறார்கள்?” என்று கேட்டான். ரப்பா சொன்னார்: “மா நிஷ்தானா சொல்லும் கடமையிலிருந்து எங்களை நீ விடுவித்துவிட்டாய்.” தல்மூதில் பஸ்காவைப் பற்றிய பகுதியில் இது இருக்கிறது. கதையைச் சொல்லி முடித்துத் துணியைப் பிழிந்து காயப் போட்ட பிறகு, மோரா மெதுவாகச் சொன்னார்: “இன்று அவள் நம்மை விடுவித்திருந்தாள்.”

அவர் குரலில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனப்பாடக் கேள்வியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். உண்மையான கேள்வி ஒன்று என் முன்னால் வந்து நின்றபோது, மனப்பாடக் கேள்விக்காக அதைத் தள்ளிப்போட்டவளும் நானே. அந்தப் பாட்டா என்னை அப்படிச் செய்ய வைத்தது? மோரா அங்கே இருந்திருந்தால் பாட்டை நிறுத்தியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அந்த நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடி வாசித்தேன். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், இரண்டாவது கோப்பையில் திராட்சை இரசத்தை ஊற்றும்போது, ‘இங்கே மகன் தகப்பனைக் கேட்கிறான்’ என்று முதலில் வருகிறது. அதற்குப் பிறகுதான், ‘கேட்கும் அறிவு மகனுக்கு இல்லையென்றால், தகப்பன் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறான்’ என்று சொல்லி மா நிஷ்தானாவைத் தருகிறது. நான் தலைகீழாக எண்ணியிருந்தேன். அந்த நான்கும் கேள்வி வராத பிள்ளைக்காக வைத்தவை. அவனும் வெறுங்கையோடு மேசைக்கு வரக் கூடாது என்பதற்காக. கேட்கும் அறிவுள்ள மகன் இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும், தனித்திருப்பவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும், சட்டமெல்லாம் அறிந்த அறிஞர்கள் இருவர் மட்டும் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. ரப்பி அகிவா, பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருந்து கேட்க வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டுக் கொடுப்பாராம். அந்த நான்கும்கூட மாறாதவை அல்ல. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், இன்று ஏன் சுட்ட இறைச்சி மட்டும் என்பது அவற்றில் ஒன்று, கி.பி. 70இல் ஆலயம் அழிந்து பலி நின்றுபோன பிறகு அது வழக்கொழிந்தது. ஏன் சாய்ந்து அமர்கிறோம் என்ற கேள்வி பின்னால் சேர்ந்தது.

பொருள் தெரியாமல் பாடுவது பற்றிய என் கோபமும் கொஞ்சம் தணிந்தது. 1840இல் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் தம் ஜெர்மானியப் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். அதை அப்படியே எபிரேயமாக்கிய ‘கன் யெலாதிம்’, முதன்முதலாக 1898இல் அன்றைய பாலஸ்தீனத்தில் ரிஷோன் லெசியோன் என்ற யூதக் குடியேற்ற ஊரில் திறந்தது. அங்கு வந்த பிள்ளைகளின் வீடுகளில் பேச்சு மொழி எபிரேயம் அல்ல. பிள்ளைகள் பாட்டாகவும் விளையாட்டாகவும் வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன சொற்களைத் தாய்மார்கள் அவர்களிடமிருந்து கற்றார்கள். முதலில் வாயில் ஏறிப் பிறகு மனத்தில் இறங்கிய மொழி அது. ஆத்திசூடியும் எனக்கு அப்படித்தான் வந்தது. ‘இயல்வது கரவேல்’ என்பதன் பொருள் முப்பது வயதில், உண்டியலில் காசு போடும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்தப் பையனின் வயிற்றுவலியை நான் மறக்கவில்லை. பாட்டு, பெற்றோரின் கைப்பேசிக்காக நடத்தும் அரங்கேற்றமாக மாறும்போது குழந்தைக்கு அது பயமாகிவிடுகிறது. இதில் என் கருத்து இன்றும் மாறவில்லை, மோராவிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் அடுத்த வருடத்திலிருந்து தனியாகப் பாட வைப்பதை நிறுத்திவிட்டு, எல்லோரையும் சேர்ந்து பாட வைக்கிறார்.

மறுநாள் காலை மோரா அந்தக் கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்து, சிறுமியைப் பக்கத்தில் அழைத்து, நேற்று மிஸ்ஸிடம் என்னவோ கேட்டாயே, அதை எங்களுக்கும் கேள் என்றார். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மறந்துவிட்டது” என்றாள். அவளுக்கு உண்மையாகவே மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

வகுப்பில் மாதிரி சேடர் நடந்த நாளில், பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சாய்ந்துகொள்வதற்குத் தாங்களே வண்ணம் தீட்டிய தலையணை உறைகள், காகிதக் கிரீடங்கள், சேடர் இரவில் வாசிப்பதற்கென்று ஒவ்வொருவரும் வரைந்து தைத்த ஹகதா புத்தகம். ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் போட்ட ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை, ஒவ்வாமைக்குப் பயந்து எங்கள் வகுப்பில் கொட்டைகள் இல்லாமலே செய்தது. எல்லோரும் அமர்ந்ததும் மோரா எழுந்தார், ஒன்றும் பேசாமல் சேடர் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். அறை அமைதியானது. “மோரா! இன்னும் ஒன்றுமே சாப்பிடவில்லை!” என்று ஒரு பையன் கத்தினான். வயிறு வலித்ததே, அவன்தான். “எங்கே கொண்டுபோகிறீர்கள்?” என்று இன்னொருத்தி. மோரா திரும்பி வந்து, தட்டைக் கீழே வைத்து, தரையில் அமர்ந்து, அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, எகிப்தில் சாப்பாட்டைத் தட்டிப் பறித்தால் அடிமையால் கேட்க முடியுமா என்பதிலிருந்து கதையைத் தொடங்கினார். பாட்டுக்காகக் கைப்பேசியை உயர்த்தியிருந்த பெற்றோர்கள் ஒவ்வொருவராக அதைக் கீழே இறக்கினார்கள். பத்து நிமிடங்களுக்குப் பிறகு, விருப்பமிருந்தால் பாடலாம் என்று மோரா சொன்னபோது 18 பேரும் பாடினார்கள். அந்தப் பையன் இரண்டாவது வரியில் தடுக்கினான். யாரும் கவனிக்கவில்லை, அவனும்தான்.

எல்லாம் முடிந்து, நான் கிண்ணங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். பின்னல்காரி தாயின் கையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையிலிருந்த உப்புநீரை எங்கே கொட்டப் போகிறேன் என்று கேட்டாள். தொட்டியில் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை. எங்கே வைக்கலாம் என்று அவளிடம் கேட்டேன். ஜன்னல் திண்டைக் காட்டினாள். கிண்ணத்தை அங்கே வைத்து, கொட்ட வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளருக்கு ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் நேராக ஜன்னலுக்குப் போனாள். கிண்ணத்தின் அடியிலும் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“மிஸ், தண்ணீரை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?”

கம்பளத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், மோதே அனி தொடங்கிவிட்டது. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.